போட்டாச்சு

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஒரு குணம் உண்டு. ஓடச் சொன்னால் ஆயிரம் நோவு சொல்லும். உருளுவதற்கு மட்டும் ஒரு சாக்கும் சொல்லாது. இதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொன்னவர் அத்தான். சொன்னவர் தலையிலேயே அது விடியும் என்று யார் கண்டது?

பட்டறை சரிவான தெருவில் இருந்தது. தெரு சரிந்தால் தரையும் சரியத்தானே செய்யும்? வாசல் கதவு மேட்டில், பின்சுவர் பள்ளத்தில். கையிலிருந்து ஒரு நட்டு விழுந்தால் தேட வேண்டியதே இல்லை. நேராகப் பின்சுவருக்குப் போனால் போதும், அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அதனால் உள்ளே வரும் எந்த வண்டிக்கும் முதல் மரியாதை பின்சக்கரங்களுக்குக் கீழே கட்டை வைப்பதுதான். ஆப்பு மாதிரிச் செதுக்கிய நல்ல கட்டைகள் இரண்டு இருந்தன. மற்றதெல்லாம் கட்டை என்று பேர் வாங்கிக்கொண்ட விறகு.

பட்டறையில் மூன்று பேர். இன்ஜின் வேலை அத்தானுக்கு. பிளாஸ்டிக் திரை போட்ட அறைக்குள் நாள் முழுக்க முகமூடியோடு நிற்பவர் பெயிண்டர். பிரேக்கும் கேபிளும் சின்னவளுக்கு. அவளுக்கு முப்பத்தெட்டு வயது ஆகிவிட்டது. ஆனாலும் பெரியவள் ஒருத்தி இருக்கிறவரை சின்னவள் சின்னவள்தானே. பெரியவள் அவளுடைய அக்கா, அத்தானின் மனைவி. அத்தான், அக்கா, சின்னவள் மூவரும் பட்டறைக்கு மேலேயே குடியிருந்தார்கள். சின்னவளுக்குக் கல்யாணம் ஆகி, அது ஒன்றரை வருஷத்தில் முறிந்து, ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது அத்தான் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தார். "உக்காந்து அழுதா மூக்குதான் சிவக்கும். இதைப் பிடி" என்றார். பிடித்தவள் பதிமூன்று வருஷமாக விடவில்லை.

அந்தச் சிவப்பு வண்டி பல் டாக்டருடையது. இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, டாக்டரைவிட ஐந்து வயதுதான் இளையது. ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று கொண்டுவந்திருந்தார். இருக்கைகளுக்கு நடுவிலிருக்கும் லிவரை இழுத்தால் டக் டக் என்று பன்னிரண்டு பல் ஏறியது. நல்ல ஹேண்ட்பிரேக் நாலு பல்லில் வண்டியை நிறுத்திவிடும்.

"கூரை இருந்திருந்தா லிவர் கூரையை முட்டியிருக்கும்" என்றாள் சின்னவள்.

"ஊர்ல உள்ள பல்லையெல்லாம் பாக்குறவர் வண்டிக்கே பல்லு சரியில்லயா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து பெயிண்டர் குரல் கொடுத்தார்.

டாக்டர் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். சிரிக்கத் தெரிந்த மனிதர். அந்த வண்டியைப் பற்றிப் பேசினால் மட்டும் முகம் பள்ளிக்கூடப் பையனைப் போல ஆகிவிடும்.

சின்னவள் பின்சக்கரத்து பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தாள். அவள் நினைத்தபடிதான். டாக்டர் மழைக்காலம் முழுவதும் வண்டியை ஷெட்டில் விட்டிருக்கிறார், ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடியே. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ இரண்டும் துருவில் அதோடு ஒட்டிக்கொண்டு, கிளப்பும்போது பிய்ந்துவிட்டன. அதற்கு முன்னால் யாரோ ஒரு கெட்டிக்காரன், ஷூ தேய்ந்ததைப் பார்க்காமல் கேபிளை மட்டும் முறுக்கி முறுக்கி இறுக்கியிருந்தான். கேபிளும் எவ்வளவுதான் தாங்கும்? உள்ளே இழை இழையாக அறுந்து கிடந்தது.

"நாள் கணக்கா நிறுத்தப்போறீங்கன்னா ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காதீங்க டாக்டர். கியர்ல விட்டுட்டுக் கட்டை வைங்க, போதும்."

"கியர்ல விட்டா நம்பலாமா?"

"கட்டையை நம்புங்க" என்றார் அத்தான். "கட்டை பொய் சொல்லாது."

புதிய கேபிள் வந்துசேர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அத்தான் அவளைக் கேட்ட கேள்வி ஒன்றுதான். காலையில் வந்ததும், "ஹேண்ட்பிரேக் போட்டாச்சா?" மத்தியானம் சாப்பிட மேலே போகும்போது, "ஹேண்ட்பிரேக் எப்பம்மா போடுவே?" "கேபிள் வந்தாத்தான போடுறதுக்கு" என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் கேபிள் வந்தது. புதிய ஷூவை ஏற்கெனவே மாட்டியிருந்தாள். ஜாக்கியில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கேபிளை மாட்டினாள். ஆனால் கடைசி முறுக்கைத் தூக்கிய நிலையில் கொடுக்கக் கூடாது. அச்சு அந்தரத்தில் தொங்கும்போது எடுக்கும் அளவு பொய்யளவு. வண்டி தன் கனத்தைச் சக்கரத்தில் இறக்கி நிற்க வேண்டும். அதனால் நல்ல கட்டைகள் இரண்டையும் வைத்து வண்டியை இறக்கினாள். சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதற்காகக் கியரை முன்பே விடுவித்திருந்தாள். லிவர் கீழே கிடந்தது. கட்டைகள்தான் வண்டியைப் பிடித்திருந்தன.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். சின்னவள் தடுப்பதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்து லிவரை இழுத்தார். டக், டக், டக். எட்டுப் பல்.

"அடடா! வெண்ணெய் மாதிரி வருது!"

"இன்னும் முறுக்கல டாக்டர். எட்டு நாலாகணும்."

அவர் லிவரை மறுபடி கீழே விட்டார். கைபேசி அடித்தது. பேசிக்கொண்டே தெருவுக்குப் போனார். சின்னவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். கேபிள் முனை கழன்றுவிடாமல் பூட்டுகிற ஸ்ப்ளிட் பின் ஒன்று வேண்டும். இழுப்பறையில் நூறு பின் கிடந்தது. வேண்டிய அளவில் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

"அண்ணே, அந்த நல்ல கட்டை ரெண்டையும் குடுங்க. இங்க வண்டி வழுக்குது" என்று திரைக்குள்ளிருந்து சொல்லிவிட்டுப் பெயிண்டர் கம்ப்ரஸரை ஓடவிட்டார்.

அத்தான் சிவப்பு வண்டியின் பின்னால் போனார். வண்டிக்கும் பின்சுவருக்கும் நடுவே நாலடி இருந்தது. அங்கே குனிந்துகொண்டே கேட்டார்:

"சின்னவளே, ஹேண்ட்பிரேக் போட்டாச்சா?"

மூன்று நாளாகக் கேட்ட அதே கேள்வி. இன்றைக்குத்தான் அதற்கு நல்ல பதில் இருந்தது. அவள் இழுப்பறையிலிருந்து தலையைத் தூக்காமலே, சற்றுப் பெருமையாகவே சொன்னாள்:

"போட்டாச்சு அத்தான்!"

ஒரு கட்டை கல்லில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அது இரண்டாவது கட்டை என்று காது சொல்லி, மனசு புரிந்துகொள்வதற்குள் அவள் திரும்பினாள். வண்டி மெதுவாகத்தான் போனது. தவழ்கிற குழந்தைகூட அதைவிட வேகமாகப் போகும். அத்தான் நிமிர்ந்து இரண்டு கையையும் வண்டியின் மேல் வைத்து, மாட்டை அதட்டுவது போல, "ஏய், ஏய்" என்றார். நாலடி தீர்ந்தது.

அவள் பாய்ந்து லிவரை இழுத்தாள். எட்டுப் பல். பிடித்துக்கொண்டது. அதுதான் கொடுமை. அத்தானைச் சுவரோடு அழுத்தியபடி அந்த வண்டி அசையாமல் நின்றது, புதிய ஷூவும் புதிய கேபிளுமாக.

"அதை எறக்கு! எறக்கும்மா, தள்ளணும்!" என்று பெயிண்டர் முகமூடிக்குள்ளிருந்து அலறினார்.

அத்தான் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். வெளியே காயம் பெரிதாக இல்லை. உள்ளேதான் எல்லாம் உடைந்திருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரே ஒரு தடவை கண் திறந்து பெரியவளிடம் ஏதோ சொன்னார். அப்போது சின்னவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

விபத்தை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், கனமான நோட்டு. தரையின் சரிவை அளந்தார். கட்டைகளைப் படம் பிடித்தார். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு மேஜையோரம் நின்றபடி கேட்டார்.

"கேபிள் அறுந்துபோகல. வேலை சுத்தமா இருக்கு. நீங்க செஞ்சதா?"

"ஆமாங்க."

"விபத்துக்கு முன்னாடி கடைசியா லிவரைத் தொட்டது யாரு?"

அவள் தொண்டைக்குள் ஒரு பெரிய பதில் இருந்தது. வெளியே வந்தது ஒரே சொல்.

"டாக்டர்."

அதுவும் உண்மைதான். அத்தானிடம் ஒன்று, அதிகாரியிடம் ஒன்று, அவள் சொன்ன இரண்டு பதிலிலும் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. முதல் உண்மை ஓர் ஆளை விழுங்கியது. இரண்டாவது உண்மை இன்னோர் ஆளைத் தேடிப் போனது.

"இழுத்தாரா, எறக்கினாரா?"

"இழுத்துப் பாத்துட்டு எறக்கினாரு."

அதிகாரி எழுதிக்கொண்டார். அத்தான் அவளிடம் ஏதாவது கேட்டாரா என்று அவர் கேட்கவில்லை. பெயிண்டருக்குத் தெரியாது, அவர் கம்ப்ரஸர் சத்தத்துக்குள் இருந்தார். தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அதில் ஒருவர் போய்விட்டார்.

டாக்டர் தன் பழியைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "போட்டிருந்த பிரேக்கை நான்தான் எறக்கி விட்டுட்டேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கை நடுங்கத் தொடங்கியது. நடுங்குகிற கையோடு யார் வாயில் ஊசி போடுவது? கிளினிக்கை மூடினார். தினமும் காலையில் பட்டறை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வர மாட்டார். மேலே ஜன்னல் திறந்தால் தலையைக் குனிந்துகொள்வார்.

"பாரு, வந்து நிக்கிறான்" என்பாள் பெரியவள். "பல்லப் புடுங்குறவன் என் வாழ்க்கையையே வேரோட புடுங்கிட்டான். வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கு எதுக்குடி விளையாட்டு வண்டி?"

"அக்கா, அவரு வேணும்னு..."

"நீ எதுக்கு அவனுக்குப் பரிஞ்சு பேசுறே? உனக்கு சோறு போட்டவரு அவனா, இவரா?"

சின்னவள் வாயை மூடிக்கொள்வாள். மூடுவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே பயமாக இருக்கும்.

ஆனால் அவளை உண்மையில் அரித்தது டாக்டரின் குனிந்த தலைகூட அல்ல. அக்காவின் பூட்டு.

அத்தான் உயிரோடு இருந்த நாளில் சாயங்காலம் பட்டறைக் கதவைப் பூட்டுவது பெரியவளின் வேலை. மேலேயிருந்து அத்தான், "பூட்டு போட்டாச்சா?" என்று கேட்பார். "போட்டாச்சு" என்று சொன்னால்தான் சட்டையைக் கழற்றுவார். கடைசியாக ஆஸ்பத்திரியில் அவர் கண் திறந்து சொன்னது என்னவென்று அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டாள். நாலு பேரிடமும் சொன்னாள். "'போட்டாச்சுன்னு சொன்னா...' இவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கு மேல மூச்சு வரல. போட்டாச்சுன்னு சொன்னா, சொன்னா என்ன? முடிக்காமப் போயிட்டாரே!"

யோசித்து யோசித்துப் பெரியவளே அதை முடித்துக்கொண்டாள். பூட்டு போட்டாச்சுன்னு சொன்னா நிம்மதியாப் போவேன். அதுதான் அவர் சொல்ல வந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கதவைப் பூட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்து, படியேறி வந்து அத்தானின் படத்துக்கு முன்னால் நிற்பாள். "பூட்டு போட்டாச்சுங்க" என்பாள். பதிலுக்குக் காத்திருப்பது போல ஒரு நிமிஷம் நிற்பாள். பிறகு சந்தேகம் வந்து, மறுபடி இறங்கிப் போய் இழுத்துப் பார்ப்பாள்.

விபத்து நடந்த இருபத்து மூன்றாம் நாள் அவள் நாலாவது தடவையாகப் படியிறங்கியபோது சின்னவள் படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"நகரு."

"அக்கா, அவரு சொன்னது பாதி இல்ல."

"என்னது?"

"நீ பாதின்னு நினைக்கிறே. அது முழுசு. 'போட்டாச்சுன்னு சொன்னா.' அவ சொன்னா. நான் சொன்னேன் அக்கா. ஹேண்ட்பிரேக் போட்டாச்சான்னு அத்தான் கேட்டாரு. நான் புதுசு மாட்டியாச்சான்னு கேக்குறாருன்னு நினைச்சு, போட்டாச்சுன்னேன். லிவர் கீழதான் கிடந்துச்சு. டாக்டர் தொடுறதுக்கு முன்னாடியும் கீழதான் கிடந்துச்சு."

படியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியவளின் கையில் சாவிக்கொத்து. அது லேசாகக் கிலுகிலுத்தது. பிறகு அதுவும் நின்றது.

"சொன்னா..." என்றாள் பெரியவள், தனக்குத்தானே. அந்தச் சொல்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பது போல இருந்தது. "சொன்னா."

அழவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திரும்பிப் படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அவள் சிவப்பு வண்டியின் வேலையை முடித்தாள். விசாரணை முடிந்து வண்டியை விட்டிருந்தார்கள். டாக்டர் அதை உடைத்துப் போடச் சொல்லியிருந்தார். எதுவானாலும் அரைகுறையாக நிற்கக் கூடாது. கடைசி முறுக்கைக் கொடுத்தாள். ஸ்ப்ளிட் பின்னை மாட்டி முனைகளை விரித்தாள். அன்றைக்குக் கிடைக்காத பின் இன்றைக்கு இழுப்பறையில் மேலாகவே கிடந்தது.

பெரியவள் பட்டறைக்குள் வந்தாள். பூட்டுகிற நேரம் தவிர அவள் அங்கே வந்ததில்லை. பெயிண்டர் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அக்கா."

"இழு."

சின்னவள் லிவரை இழுத்தாள். டக், டக், டக், டக். நாலு.

பெரியவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். சுவரில் அந்த இடத்தில் மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"கட்டைய எடு."

"அக்கா, வேணாம். அங்கேயிருந்து வா."

"எடுடி."

"நீ வெளிய வா, எடுக்குறேன்."

"அவரு உன்ன நம்பித்தான எடுத்தாரு? நானும் நம்புறேன். எடு."

சின்னவள் முழங்காலில் உட்கார்ந்தாள். ஒரு கட்டையை உருவினாள். வண்டி நின்றது. இரண்டாவதின் மேல் கை வைத்தாள். தன் வேலை அவளுக்குத் தெரியும். ஷூ புதிது, கேபிள் புதிது, அளவு சரி. எல்லாம் தெரிந்தும் கை வரவில்லை. தோளை ஊன்றி வண்டியைத் தாங்கியபடி அதை உருவினாள்.

வண்டி ஒரு நூல் அளவுகூட அசையவில்லை.

பெரியவள் அதன் சிவப்பு முதுகில் உள்ளங்கையை வைத்தாள். அத்தான் வைத்த அதே இடமா என்று அவளுக்குத் தெரியாது, சின்னவளுக்குத் தெரிந்தது.

"நல்லாத்தான் புடிக்குது."

சின்னவள் உருவிய கட்டைகளோடு எழுந்தாள்.

"அவரு கேட்டப்போ நீ எங்க நின்னே?"

சின்னவள் மேஜையைக் காட்டினாள்.

"அங்கேயிருந்து பாத்தா இந்த இடம் தெரியும்ல?"

"தெரியும்."

"திரும்பிப் பாத்தியா?"

வார்த்தையில் குழப்பம் இருந்தது, இரண்டு அர்த்தம் இருந்தது, யாருக்கும் நடக்கக்கூடியது என்று இருபத்து நாலு நாளாக அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்தக் கேள்வியில் கரைந்து போயிற்று. திரும்பிப் பார்த்திருந்தால் அத்தானின் கை கட்டையின் மேல் இருந்தது தெரிந்திருக்கும். ஒரு தலைத் திருப்பல். அவ்வளவுதான்.

"இல்ல அக்கா. பாக்கல."

பெரியவள் வண்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். வாசலில் டாக்டர் வழக்கம் போல நின்றுகொண்டிருந்தார்.

"மொதல்ல அந்தாளுகிட்ட போய்ச் சொல்லு. அந்த நோட்டுக்கார அதிகாரிகிட்டயும் சொல்லு. ஒன்னு விடாமச் சொல்லு."

"சொல்றேன். அப்புறம் அக்கா?"

"அப்புறம் என்னன்னு எனக்கே தெரியல." பெரியவளின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "மேல வராதே. இப்போதைக்கு வராதே. உன் பெட்டியக் கீழ எறக்கி வைக்கச் சொல்றேன்."

சின்னவள் கட்டைகளை மறுபடி சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். கையைக் கழுவினாள். வாசலுக்குப் போய் டாக்டர் முன்னால் நின்று சொன்னாள். அவர் கேட்டார். முடிந்ததும், "அப்ப நான் எறக்கலியா?" என்று மட்டும் கேட்டார். "இல்ல டாக்டர். நீங்க தொடுறதுக்கு முன்னாடியே அது கீழதான் கிடந்துச்சு." அவர் தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. தெருவில் இறங்கிப் போனார். வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. பட்டறைக்குள் யாரும் இல்லை. பெட்டி கதவோரம் இருந்தது. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்த அதே பெட்டி. அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டைப் போட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். தன்னிடமிருந்த சாவியைக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே தள்ளினாள். அது சரிவில் சறுக்கிக்கொண்டே பின்சுவர் வரை போகும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தாள். மேலே ஜன்னல் திறந்திருந்தது. அக்கா அங்கே நின்றிருந்தாள்.

சின்னவள் பெட்டியைக் கையில் எடுத்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். போட்டாச்சா என்று மேலேயிருந்து யாரும் கேட்கவில்லை.